பலகையில் நிற்பவனும் கரையில் நிற்பவனும்



சென்ற ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் பாண்டிருப்புக் கடற்கரையில் சற்று நேரம் நின்றேன். கரைவலைத் தோணிகள் மணலில் ஏற்றிக் கிடந்தன. ஒரு தகப்பன், ஏழெட்டு வயது மதிக்கத்தக்க தன் மகனைக் கையில் பிடித்து அலைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை இரண்டு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டு, "பயமா இரிக்கி வாப்பா... பயமா இரிக்கி" என்று அழுகிறான். "ஆம்புளப் புள்ளைக்கு என்னடா பயம்? உன்னப்போலப் புள்ளயள் எல்லாம் குளிக்கிதுகள், பாரு!" என்று தகப்பன் அதட்டுகிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு என் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. ஏனென்றால் அதே பிழையை நானும் செய்தவன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதியை நமது பகுதி மக்களுக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோன நாள் அது. பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று வரிசையாக எல்லா ஊரும் அழுத நாள். அப்போது என் மூத்த மகளுக்கு ஆறு வயது. உம்மம்மாவின் தோளில் இருந்தபடிதான் அவள் அந்த அலையைக் கண்டாள். இரண்டு வருடங்கள் கழித்து, பயத்தைப் போக்குகிறேன் என்று சொல்லி அவளைக் கரைக்குக் கூட்டிப் போனேன். "கடல் ஒண்டும் செய்யாது மகள்" என்று சொல்லி, அழ அழ முழங்கால் தண்ணீரில் இறக்கினேன்.

அன்றோடு சரி. இன்று அவளும் ஒரு பிள்ளைக்குத் தாய். இன்னும் அவள் கடற்கரைப் பக்கம் வருவதில்லை. பயத்தைக் கழற்றப் போனவன், அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தேன்.

பிள்ளையைத் தண்ணீருக்குப் பழக்குவதில் ஒரு முறை இருக்கிறதா? இருக்கிறது. அதை வாழ்நாள் தொழிலாகச் செய்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப்போகிறேன். அவர் நமது நாட்டவருமல்லர், நமது மொழியினருமல்லர். ஆனால் அவரிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

அவர் பெயர் ஹோபி பில்லிங்ஸ்லி. 1926இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய துறை டைவிங். நமது பக்கத்தில் சுழியோடி என்றால் கடலடிக்குப் போய்ச் சங்கெடுப்பவரும், மூழ்கியதைத் தேடி எடுப்பவரும்தான் நினைவுக்கு வருவார்கள். இது அது அல்ல. உயரமான பலகையிலிருந்தோ மேடையிலிருந்தோ பாய்ந்து, ஆகாயத்தில் கரணமிட்டு, முறுகித் திரும்பி, ஊசி நுழைவது போலத் தண்ணீருக்குள் நுழையும் விளையாட்டு. துள்ளும் பலகை ஒரு மீற்றர், மூன்று மீற்றர் உயரத்தில் இருக்கும். மேடையின் ஆகக்கூடிய உயரம் பத்து மீற்றர். மூன்று மாடி வீட்டுக் கூரையிலிருந்து பாய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தண்ணீரைத் தொட ஒன்றரைச் செக்கன் அளவுதான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். அந்த ஒன்றரைச் செக்கனுக்காகப் பத்து வருடங்கள் பயிற்சி எடுக்கிறார்கள்!

பில்லிங்ஸ்லி, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக் பெப்பே என்ற பெயர்பெற்ற பயிற்றுவிப்பாளரிடம் கற்றவர். 1945இல் முதலாம் வருட மாணவனாக இருந்தபோதே ஒரு மீற்றர், மூன்று மீற்றர் இரண்டு பலகைகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான சம்பியன் ஆனார். பின்னர் இராணுவ சேவைக்குப் போனார். நீர்க் காட்சிகளில் கோமாளி வேடம் போட்டுப் பாய்ந்து சனங்களைச் சிரிக்கவைத்தும் இருக்கிறார். 1959இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் டைவிங் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பெடுத்தார். 1989இல் ஓய்வுபெறும் வரை முப்பது வருடங்கள் அந்த ஒரே இடத்தில்தான்.

அங்கே நீச்சலுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜேம்ஸ் கவுன்சில்மன். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் இந்தியானாவில் அவரிடம் கற்றவர். 1979இல் தனது 58ஆவது வயதில் ஆங்கிலக் கால்வாயையே நீந்திக் கடந்த மனிதர் அவர். ஒருவர் நீச்சல், ஒருவர் டைவிங் என்று பிரித்துக்கொண்டு இருவரும் உழைத்தார்கள். 1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு வருடங்கள் தேசியக் கல்லூரிச் சம்பியன் பட்டம் இந்தியானாவுக்கே கிடைத்தது. தமது வட்டாரப் போட்டியில் 1961 முதல் 1980 வரை இருபது வருடங்கள் தொடர்ச்சியாக வெற்றி. இன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் நீர் விளையாட்டு நிலையம் இருவருடைய பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்தவர்கள் இரண்டு தங்கம் வென்றார்கள். மூன்று மீற்றர் பலகையில் வென்ற கென் சிட்ஸ்பேர்கர் அவருடைய பல்கலைக்கழக மாணவன். பத்து மீற்றர் மேடையில் வென்ற லெஸ்லி புஷ் பதின்ம வயதுப் பெண்பிள்ளை. 1960இல் இரண்டு தங்கம் வென்றிருந்த ஜெர்மனியின் இங்ரிட் கிரேமரை அந்தப் பிள்ளை பின்தள்ளுவாள் என்று எதிர்பார்த்தவர் சிலரே.

இவ்வளவும் எப்படி முடிந்தது? அதுதான் நமக்குத் தேவையான விடயம்.

அந்தக் காலத்தில் டைவிங் கற்பிப்பவர்களில் அநேகர், "நான் செய்வதைப் பார், அதைப் போலச் செய்" என்றுதான் கற்பித்தார்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் பதில் இராது. பில்லிங்ஸ்லி பௌதிகப் பாடத்தைக் கையில் எடுத்தார். நமது பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகும் நியூட்டனின் மூன்று விதிகள்தான்! அவற்றைப் பலகைக்கும் தண்ணீருக்கும் பொருத்திக் கற்பித்தார். அதை விளக்கிப் புத்தகமும் எழுதினார்.

பலகையை எவ்வளவு விசையாக மிதிக்கிறோமோ அவ்வளவு விசையாகப் பலகை நம்மைத் தூக்கும். இது ஒன்று. இரண்டாவது இன்னும் முக்கியமானது. கரணமிடுவதற்கான சுழற்சியைக் கால் பலகையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கால் பலகையை விட்டு எழும்பிய பிறகு, புதிதாகச் சுழற்சியைச் சம்பாதிக்க முடியாது. ஆகாயத்தில் பிடித்துத் தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லையே! இருக்கிற சுழற்சியை, உடம்பைச் சுருக்கி வேகமாக்கலாம், விரித்து மெதுவாக்கலாம். அவ்வளவுதான். பிள்ளைகள் மணலில் கையை விரித்துச் சுற்றும்போது மெதுவாகவும், கையை மார்போடு அணைத்தால் விசையாகவும் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குத்தான்.

பெற்றோர்களே, இந்த விதியைச் சற்று நிதானித்து யோசித்துப் பாருங்கள். பிள்ளை வீட்டுப் படியை விட்டுக் கால் எடுத்த பிறகு, வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலோ வெளிநாட்டு வேலையிலோ நின்று தத்தளிக்கும்போது, நாம் தொலைபேசியில் சத்தம் போட்டு என்ன பயன்? கொடுக்க வேண்டியதைக் கால் பலகையில் இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்தது, படிமுறை. பத்து மீற்றர் மேடையில் ஏற்றி "பாய்" என்று யாரும் தள்ளிவிடுவதில்லை. முதலில் தடாகக் கரையில் உட்கார்ந்தபடி முன்னால் சாய்ந்து விழுவது. பிறகு முழங்காலில் நின்று. பிறகு எழுந்து நின்று. பிறகு ஒரு மீற்றர் பலகை, மூன்று மீற்றர், ஐந்து, ஏழரை, கடைசியில் பத்து. கரணங்களைத் தண்ணீரில் செய்ய முன், துள்ளு விரிப்பின் மேல் இடுப்பில் பட்டி கட்டிச் செய்து பழகுவார்கள். பட்டியின் கயிறு பயிற்றுவிப்பாளரின் கையில் இருக்கும். பிள்ளை பிழையாக வந்தால் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. அசையாத தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலிருந்து பாய்பவருக்கு அதன் மட்டம் தெரியாது. அதனால் தண்ணீர் மேல் நீரைப் பீச்சிச் சலனப்படுத்தி வைப்பார்கள். "பயப்படாதே" என்று சும்மா சொல்லவில்லை பாருங்கள்! பயப்படத் தேவையில்லாதபடி ஒவ்வொன்றாக ஏற்பாடு செய்கிறார்கள்.

பயத்தில் இருவகை உண்டு. ஆபத்தைச் சொல்லும் பயம் ஒன்று. பழக்கமின்மையால் வரும் பயம் மற்றது. முதலாவதை மதிக்க வேண்டும். இரண்டாவதைப் படிப்படியாகக் கரைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சிரிப்பவன் ஆசானல்லன். நான் என் மகளிடம் செய்த பிழை அதுதான்.

ஆபத்து எங்கிருந்து வரும் என்பதற்கு இன்னொரு கல்லூரிப் பயிற்றுவிப்பாளரின் கதை உதாரணம். புரூஸ் ஹார்லன் 1948 ஒலிம்பிக் சம்பியன். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்றுவிப்பாளர். எத்தனையோ ஆயிரம் தடவை உயரத்திலிருந்து பாய்ந்தவர், 1959இல் ஒரு நீர்க் காட்சி முடிந்த பிறகு, அதற்காகக் கட்டிய கோபுரத்தைக் கழற்றும்போது தவறி விழுந்து இறந்தார். பாயும்போது இருந்த கவனம், பாய்ந்து முடிந்த பிறகும் வேண்டும் என்பதற்கு வேறென்ன சாட்சி தேவை?

பில்லிங்ஸ்லியின் மாணவர்களில் என் மனதை மிகவும் தொட்டவன் மார்க் லென்சி. வர்ஜீனியா மாநிலத்துப் பொடியன். பாடசாலையில் மல்யுத்தக்காரன். 1984 ஒலிம்பிக்கில் கிரெக் லுகானிஸ் பாய்வதைத் தொலைக்காட்சியில் கண்டவன், "நானும் இதைத்தான் செய்யப்போகிறேன்" என்று நின்றான். அப்போது பதினாறு வயது. டைவிங்குக்கு அது பிந்திய வயது. மல்யுத்தத்தால் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைக்கும் வாய்ப்பு இருந்ததால் தகப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குவாதம் முற்றி, பிள்ளை இரண்டு கிழமை வீட்டை விட்டே போய்விட்டான். பிறகுதான் தகப்பன் இறங்கிவந்தார். பாயத் தொடங்கி ஒன்றரை வருடமளவில், பில்லிங்ஸ்லி அவனை இந்தியானாவுக்கு எடுத்துக்கொண்டார்.

சற்று யோசியுங்கள். சின்ன வயதிலிருந்தே பாய்ந்த எத்தனையோ பேர் வரிசையில் நின்றிருப்பார்கள். ஒன்றரை வருடம் மட்டுமே பழகிய ஒருவனுக்கு இடம் கொடுப்பதென்றால், கையில் இருக்கும் புள்ளியைப் பார்த்து அல்ல, வரப்போகும் புள்ளியைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததற்காகப் பத்து வயதுப் பிள்ளையை மூலையில் ஒதுக்கிவைக்கும் நமக்கு இதில் பாடம் இல்லையா?

லென்சி 1989இலும் 1990இலும் கல்லூரிச் சம்பியன் ஆனான். 1991இல், ஒரே பாய்ச்சலுக்கு நூறு புள்ளிக்கு மேல் பெற்ற முதல் ஆள் என்ற பெயரெடுத்தான். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் மூன்று மீற்றர் பலகையில் தங்கம். பில்லிங்ஸ்லி ஓய்வுபெற்று மூன்று வருடங்கள் கழித்துப் பழுத்த கனி அது. மரம் நட்டவர் எப்போதும் கனி பறிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பதில்லை.

கதை அங்கே முடிந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் வாழ்க்கை அப்படியல்லவே. தங்கம் வென்ற பிறகு லென்சி மனச்சோர்வில் விழுந்தார். ஏறவேண்டிய மேடை முடிந்துவிட்டால் மனிதன் எங்கே ஏறுவான்? அதை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். எழுந்து வந்து 1996இல் வெண்கலம் வென்றார். பின்னர் தானும் கல்லூரிப் பயிற்றுவிப்பாளர் ஆனார். 2012இல், 43 வயதிலேயே காலமானார். வென்ற பிள்ளைக்கும் ஆறுதல் தேவைப்படும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தைப் பதாகையில் போட்டு, அதோடு கடமை முடிந்ததென்று போய்விடுகிறோம்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒன்று. மிக்கி கிங் என்ற பெண் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் முன்னணியில் நின்றார். கடைசிக்கு முந்திய பாய்ச்சலில் கை பலகையில் மோதி எலும்பு முறிந்தது. முறிந்த கையோடு கடைசிப் பாய்ச்சலையும் செய்து நான்காம் இடம். நான்கு வருடம் கழித்து 1972இல் தங்கம். அதன் பிறகு அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் டைவிங் பயிற்றுவிப்பாளராகப் பொறுப்பெடுத்தார். 1974இல் அவரிடம் கற்ற ஆண் மாணவர் கல்லூரிச் சம்பியன் ஆனார். ஆண்களில் ஒரு சம்பியனை உருவாக்கிய முதல் பெண் பயிற்றுவிப்பாளர் அவர்தான்.

"இதெல்லாம் தடாகம் கட்டிய பணக்கார நாட்டுக் கதை, நமக்கு எங்கே தடாகம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு பதில் உண்டு. சாமி லீ என்பவர் கொரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்த காலத்தில், பசடீனா நகரத்துப் பொதுத் தடாகத்தில் வெள்ளையர் அல்லாதவர்கள் கிழமையில் ஒரு நாள் மட்டுமே இறங்கலாம். அவர்கள் குளித்த தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் இறங்குவார்கள்! மீதி நாட்களில் என்ன செய்வது? அவருடைய பயிற்றுவிப்பாளர் தன் வீட்டு வளவில் குழி தோண்டி மணலை நிரப்பினார். சாமி லீ மணலில் பாய்ந்து பழகினார். 1948இலும் 1952இலும் பத்து மீற்றர் மேடையில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். காது வைத்தியராகவும் ஆனார். பின்னாளில் அவர் பயிற்றுவித்த பதினாறு வயதுச் சிறுவன் 1976இல் வெள்ளி வென்றான். அந்தச் சிறுவன்தான் லென்சி தொலைக்காட்சியில் கண்ட கிரெக் லுகானிஸ்!

மணல் நம்மிடம் இல்லையா, என்ன? ஆனால் நமது பிள்ளைகள் ஒலிம்பிக் போக வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. அவர்கள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கடலும் களப்பும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர் நமது ஊர். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆண்பிள்ளைகள் களவாகக் கற்கிறார்கள். பெண்பிள்ளைகள் கற்பதே இல்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கும்படி முன்னோர் சொன்னதாக மேடைகளில் பேசுகிறோம். எத்தனை பேர் கற்பித்தோம்? நமது மாவட்டத்து அறுகம்பேயில் 2018இல் பெண்களுக்கென்றே அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. பெண்களுக்குப் பெண்களே கற்பித்தால், தனி நேரமும் தகுந்த உடையும் இருந்தால், முடியாதது என்று ஒன்றில்லை.

ஆகவே, பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்:

பயப்படும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முதல் நாள் கால் நனைந்தால் போதும். அடுத்த படி எப்போது என்பதைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

வாடைக் காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, நமது கடல் கொந்தளிப்பாக இருக்கும். அது கற்கும் காலமல்ல. நீச்சல் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் எந்தக் காலத்திலும் இறங்கவேண்டாம்.

ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாயவே கூடாது. பாலத்திலிருந்து பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தால் வாழ்நாள் முழுவதும் படுக்கைதான். தடாகத்தில் பாய்பவர்கள் ஆழத்தை அளந்துவிட்டுத்தான் பாய்கிறார்கள்.

கடல் உள்ளே இழுத்தால், கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காதீர்கள். கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையைத் தாண்டியபின் கரைக்குத் திரும்புங்கள்.

மூழ்குபவரைக் கண்டதும் யோசியாமல் குதிக்காதீர்கள். கயிறு, மூடிய வெற்றுக் கலன், நீண்ட தடி, எது கிடைத்தாலும் எறியுங்கள், நீட்டுங்கள். சத்தமிட்டு ஆள் சேருங்கள். ஒரு மையித்துக்குப் பதிலாக இரண்டு மையித்து வந்த வீடுகள் உண்டு.

பில்லிங்ஸ்லி கதையின் கடைசிப் பக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1983இல் சர்வதேச நீச்சல் புகழ்பெற்றோர் வரிசையில் அவர் சேர்க்கப்பட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில், எல்லா நடுவர்கள் சார்பிலும் பக்கச்சார்பின்றித் தீர்ப்பளிப்போம் என்று சத்தியப்பிரமாணம் செய்யும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. 2022 ஜூலையில், 95ஆவது வயதில் காலமானார். பாய்ந்தவர்கள் பலகையில் நின்றார்கள், கைதட்டல் அவர்களுக்கு. அவர் கரையில் நின்றார். பிள்ளைக்குப் பதிலாக அவரால் பாய முடியாது. ஆனால் அவர் கரையில் நின்றதனால்தான் பிள்ளைகள் பாய்ந்தார்கள். பெற்றோருடைய இடமும் அதுதானே?

நேற்று என் பேரன் கேட்டான்: "அப்பா, கடலுக்குப் போவமா?" அவன் கேட்டதும் என் மகளின் முகம் மாறியதைக் கண்டேன். இந்தமுறை நான் சிரிக்கவில்லை, அதட்டவுமில்லை. "நீங்களும் வாங்க மகள். மணல்ல இருப்பம். தண்ணிக்கிட்டப் போகத் தேவல்ல" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "எத்தின மணிக்கு வாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. பிந்தித்தான் சொன்னேன். நீங்கள் பிந்தவேண்டாம்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.